சிவகாசியிலிருந்து டெல்லி எவ்வளவு தூரம்?



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் பொருள் தூரமும் நேரமும். இரண்டு ஊர்களின் பெயரைக் கைபேசியில் தட்டினால் ஆகாய வழியில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று உடனே வந்துவிடுகிறது. அந்த எண் எப்படி வருகிறது, அது யாருக்குப் பொருந்துகிறது, விருதுநகர் மாவட்டத்துக்காரர்களான நமக்கு அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. பள்ளியில் வைத்திருக்கும் உலக உருண்டையில் சிவகாசியைத் தேடுங்கள். ஏறக்குறைய 77.8 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. டெல்லி 77.2 பாகை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கின்றன. சிவகாசியில் நின்று வடக்கே பார்த்தால் நேர் எதிரே டெல்லிதான். இதனால் நமக்கு ஒரு வசதி. பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். சிவகாசி 9.5 பாகை வடக்கு, டெல்லி 28.6. இடைவெளி 19 பாகைக்குச் சற்று மேல். பெருக்கிப் பார்த்தால் 2,100 கிலோமீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஊர்கள் ஒரே கோட்டில் இல்லாதபோதுதான் கோள வடிவியல் தேவைப்படுகிறது.

நேரத்துக்கு வருவோம். இந்தப் பாதைகளில் ஓடும் ஜெட் விமானம் மேலே ஏறியபின் மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்தக் கணக்கில் மதுரையிலிருந்து டெல்லிக்கு இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் பயணச்சீட்டில் அச்சிடும் நேரம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர ஆரம்பித்த நிமிடத்திலிருந்து, போய் இறங்கி அங்கே நிற்கும் நிமிடம் வரை சேர்த்துத்தான் நிறுவனங்கள் கணக்கிடுகின்றன. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவதற்கு முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டு பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புது வழி சுமார் 15,300. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியும் பயணம் பதினான்கரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்று பழைய வழியில் எதிர்த்து நின்றது. புது வழியில் முதுகைப் பிடித்துத் தள்ளியது. காற்றோடு போகிறவனுக்கும் எதிர்த்துப் போகிறவனுக்கும் ஒரே தூரம் ஒரே நேரம் ஆகாது என்பதை நம் கடற்கரைக்காரர்கள் பாய்மரக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள்.

பக்கத்து வானத்தையும் பாருங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் 420 கிலோமீட்டர் அளவு. கொழும்புக்கான கட்டுநாயக்க நிலையம் சுமார் 350. சொந்த மாநிலத் தலைநகரைவிட இன்னொரு நாட்டின் விமான நிலையம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் புறப்பட்டபோது அது கொழும்புக்குத்தான் போனது. துபாய் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். கடிகாரத்தை மட்டும் பார்க்கிறவருக்குப் போகும்போது இரண்டரை மணி என்றும், திரும்பும்போது ஐந்தரை மணி என்றும் தோன்றும். இரண்டு நாட்டு நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணி வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்.

இதெல்லாம் மனிதர் பறக்கும் கணக்கு. இனி நம் மண்ணின் கதைக்கு வருகிறேன்.

1922. சிவகாசியைச் சேர்ந்த உறவினர்கள் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். வெளிநாட்டுத் தீப்பெட்டி மீது இறக்குமதி வரி ஏறியிருந்த சமயம் அது. உள்நாட்டில் செய்தால் விற்கும் என்ற நம்பிக்கை பிறந்திருந்தது. கல்கத்தாவில் அந்தத் தொழில் நடந்துகொண்டிருந்தது. ஜப்பானியர்களின் கைநேர்த்தி அங்கே வந்து சேர்ந்திருந்தது. மழை பொய்த்த கரிசல் காட்டில் விவசாயத்தை நம்பி இருக்க முடியாது என்ற நிலையில், இந்த இருவரும் இந்தியாவின் மறு மூலைக்குக் கிளம்பினார்கள்.

சிவகாசியிலிருந்து கல்கத்தா நேர்கோட்டில் ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர். ஆனால் 1922இல் அந்த நேர்கோடு யாருக்கும் எட்டாத ஒன்று. அன்றைய தேதியில் சிவகாசிக்கு ரயிலே கிடையாது. விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927இல்தான் வந்தது. 1876 முதல் ரயில் ஓடிக்கொண்டிருந்த மதுரை–தூத்துக்குடி பாதைக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். சாத்தூருக்குப் போகலாம், அல்லது அப்போது விருதுபட்டி என்று பெயர் வழங்கிய இந்த விருதுநகருக்கு வரலாம். அங்கிருந்து மீட்டர் பாதை. விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே இன்று இருக்கும் நேர்ப்பாதை அன்றைக்கு இல்லை. தஞ்சாவூர், மாயவரம், கடலூர் என்று சுற்றிக்கொண்டுதான் சென்னை எழும்பூர் போக வேண்டும். எழும்பூரில் இறங்கி, மூட்டையைச் சுமந்து சென்ட்ரலுக்கு மாற வேண்டும். அங்கிருந்து அகலப் பாதையில் வேறு கம்பெனியின் ரயில். கோதாவரியைத் தாண்டி, வால்டேரைத் தாண்டி, வங்காள–நாகபுரி ரயில்வேயின் தண்டவாளத்தில் ஹவுரா. சென்னையிலிருந்து ஹவுரா மட்டுமே 1,660 கிலோமீட்டர். ஹவுராவில் இறங்கினாலும் கல்கத்தா இன்னும் ஆற்றுக்கு அப்பால். இன்று படங்களில் பார்க்கும் பெரிய இரும்புப் பாலம் 1943இல் திறந்தது. அன்று ஹூக்ளியைக் கடக்க மிதவைப் பாலம்தான்.

2,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தரைவழி. இரவும் பகலுமாக ரயிலில் பல நாள். வங்காளி தெரியாது, இந்தி தெரியாது. தெரிந்தவர் எவரும் இல்லாத நகரம். போன இருவரும் உடனே திரும்பிவிடவில்லை. மாதக்கணக்கில் தங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்துத் தொடங்கி, பிறகு கையாலேயே செய்யும் முறைக்கு மாறினார்கள். வறண்ட காற்றும், வேலைக்கு ஏங்கி நின்ற கைகளும் இங்கே இருந்ததால் அந்த முறை ஊன்றிக்கொண்டது. தீப்பெட்டிக்குப் பின்னால் வண்ண மத்தாப்பு வந்தது, 1940க்குப் பிறகு பட்டாசு ஆலைகள் பெருகின, லேபிள் அடிக்க வந்த அச்சகங்கள் நாட்டுக்கே நாட்காட்டி அச்சிட்டன. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு நம் வட்டாரத்தில் தயாராகிறது என்று சொல்கிறோமே, அதன் வேர் அந்த ஒரு பயணத்தில் இருக்கிறது.

இன்று அதே கல்கத்தாவுக்கு மதுரையில் காலையில் ஏறிச் சென்னையில் மாறினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். வானில் இருக்கும் நேரம் மொத்தம் நான்கு மணியைத் தொடாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேகம் நல்லது, வேண்டியது. ஆனால் அந்த இருவரும் போட்ட முதலீட்டில் பயண நேரமும் ஒரு பகுதி என்று நான் நம்புகிறேன். அவ்வளவு சிரமப்பட்டுப் போனவர்களுக்கு அரைகுறையாகத் திரும்ப மனம் வந்திருக்காது. இன்று ஒரு கண்காட்சிக்கு விமானத்தில் போய், விலைப் பட்டியலை வாங்கிக்கொண்டு மறுநாளே திரும்பிவிடும் நம் இளைய வியாபாரிகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் பேச வந்த விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டேன். சிவகாசிக்காரர் பறக்கிறார். சிவகாசி நாட்காட்டியும் நாட்குறிப்பும் அவசரமென்றால் பறக்கும். சிவகாசிப் பட்டாசு பறக்காது.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து கம்பி மத்தாப்பை எடுத்து வைத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குக் கொண்டுபோன ஒரு பெட்டி மத்தாப்பில் என்ன ஆபத்து என்று கேட்கிறார்கள். காரணத்தைத் தெரிந்துகொண்டால் அந்த வருத்தம் போய்விடும். சாதாரணத் தீ எரிவதற்கு வெளிக்காற்றிலிருந்து ஆக்சிஜன் வேண்டும். துணியில் தீப்பிடித்தால் சாக்கைப் போட்டு மூடி அணைக்கிறோம். பட்டாசு மருந்துக்கு அந்தத் தேவை கிடையாது. வெடியுப்பு என்று நாம் சொல்லும் பொட்டாசியம் நைட்ரேட்டிலும், மத்தாப்பில் சேர்த்துவந்த பேரியம் நைட்ரேட்டிலும் ஆக்சிஜன் உள்ளேயே கட்டுண்டு இருக்கிறது. மருந்து தன் மூச்சைத் தானே சுமந்துகொண்டு போகிறது. விமானத்தின் சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைக்க ஹேலான் என்ற வாயுவைப் பாய்ச்சுவார்கள். மரப்பெட்டி, துணி, காகிதம் எரிந்தால் அது அடக்கிவிடும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருக்கும் மருந்தை அதனால் அடக்க முடியாது. தரையில் என்றால் ஓடி வெளியே வந்துவிடலாம். 10 கிலோமீட்டர் உயரத்தில் எங்கே ஓடுவது?

இது வெறும் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1996 மே 11 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பிய வேல்யூஜெட் விமானம் சில நிமிடங்களில் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கு அறையில் இருந்தவை வெடிகூடக் கிடையாது. விமானங்களில் அவசரத்துக்குப் பயன்படும், வேதிவினையால் ஆக்சிஜன் உண்டாக்கும் உருளைகள். தவறான முறையில் ஏற்றியதால் அவை இயங்கத் தொடங்கி, தீக்கு வேண்டிய காற்றைத் தாமே கொடுத்தன. மருந்தோடு பழகும் நம் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம், சொன்னதும் புரிந்துகொள்வார். சில வகைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளோடு சரக்கு விமானங்களில் இடமுண்டு என்றாலும், நம் ஊர்ச் சரக்கின் பெரும்பகுதிக்கு ஆகாய வழி மூடிய கதவுதான். பயணிகள் ரயிலிலும் அப்படித்தான். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி ஆபத்தான பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் கொண்டுபோனால் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

ஆகவே லாரி. நம் ஊரை ஒட்டிப் போகும் நான்குவழிச் சாலையின் எண் 44. கன்னியாகுமரியில் தொடங்கி, சாத்தூரையும் விருதுநகரையும் தொட்டுக்கொண்டு, மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாகபுரி, ஜான்சி, ஆக்ரா என்று ஏறி டெல்லியையும் தாண்டி ஸ்ரீநகர் வரை 3,745 கிலோமீட்டர் போகும் சாலை அது. இந்தச் சாலையைப் பிடித்த லாரி வேறு எங்கும் திரும்பாமலே டெல்லி போய்ச் சேரலாம். விருதுநகரிலிருந்து டெல்லி வரை 2,600 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்தால் ஐந்து நாளுக்குக் குறையாது. ஓட்டுநர் இருவர் மாறி மாறி ஓட்டினால் நேரம் குறையும். ஆனால் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே ஓட்டுநரின் வேலையை நாளைக்கு 8 மணி நேரம் என்று வரையறுத்தது. பின்னால் மருந்துப் பெட்டிகளைச் சுமந்து, தூக்கத்தை விரட்டிக்கொண்டு ஓட்டும் மனிதரின் நேரத்தைக் குறைத்துக் காட்டி வியாபாரம் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

ஒரே ஊருக்கு இரண்டு தூரம் இருப்பதால் என்ன நடக்கிறது என்பதற்கு 2017ஐச் சொல்வேன். டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனை உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் நிறுத்தி வைத்தது. 2017 செப்டம்பர் 12 அன்று அதைத் தளர்த்தியது. கதவு திறந்தது என்று வியாபாரிகள் சரக்கெடுத்தார்கள். அக்டோபர் 9 அன்று, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, அந்தத் தளர்வு நவம்பர் 1க்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்று மறு உத்தரவு வந்தது. உத்தரவுச் செய்தி டெல்லியிலிருந்து சிவகாசிக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சரக்கோ, வாரக்கணக்கில் முன்பே கிளம்பிப் போய்க் கடைகளிலும் குடோன்களிலும் அடுக்கி இருந்தது. விற்க முடியாது, அனுப்பி வைக்க விமானமில்லை, ரயிலில்லை. திரும்ப வேண்டுமானால் அதே 2,600 கிலோமீட்டர்தான் வழி, அதற்கும் வாடகை உண்டு.

டெல்லிக் குழந்தைகள் நல்ல காற்றை மூச்சிழுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. அந்த வழக்கே குழந்தைகளின் பெயரில் தொடுத்த வழக்கு. அவர்களின் நுரையீரல் நம் வியாபாரத்துக்குக் குறைந்ததல்ல. என் வேண்டுகோள் வேறு. ஆண்டு முழுக்க இங்கே பெண்கள் திரி வைத்து, மருந்து அடைத்து, காயப்போட்டுச் செய்யும் பொருள் பட்டாசு. தீபாவளி ஒரே நாள்தான். முடிவு எடுக்கிறவர்கள் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறார்கள். பொருள் ஐந்து நாள் தூரத்தில் இருக்கிறது. என்ன முடிவாக இருந்தாலும் அந்த ஐந்து நாளையும், அதற்கு முந்தைய உற்பத்தி மாதங்களையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே சொன்னால், தொழிலாளியின் கூலி நடுவழியில் நிற்காது. இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மனிதர் பயணத்துக்கே திரும்புகிறேன். டெல்லிக்கு மூன்று மணி நேரம் என்று விளம்பரம் சொல்கிறது. சிவகாசி வீட்டிலிருந்து மதுரை விமான நிலையம் 70 கிலோமீட்டர் அளவு, ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கச் சொல்கிறார்கள். இறங்கியபின் பெட்டி எடுத்து ஊருக்குள் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். மொத்தம் எட்டு மணி. பறந்ததைவிடக் காத்திருந்ததும் சாலையில் போனதும் அதிகம். விமானத்தை இன்னும் வேகமாக்கினால் நமக்குக் கிடைப்பது கால் மணி நேரம். சிவகாசியிலிருந்து விருதுநகர் வழியாக விமான நிலைய வாசல் வரை, விமான நேரத்தை ஒட்டி ஓடும் நேரடிப் பேருந்து நாள்தோறும் இருந்தால் அதைவிட அதிகம் மிச்சமாகும், செலவும் பல மடங்கு குறையும். கார் வைத்துக்கொள்ள முடியாத மாணவருக்கும், வளைகுடா போகும் தொழிலாளிக்கும் அதுதான் உண்மையான விமான வசதி.

கடைசியாக ஒரு தூரம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அன்று உடல் வெந்தவர்களைச் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் மதுரைக்கும் கொண்டு ஓடினார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். பலத்த தீக்காயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி. அதே 70 கிலோமீட்டர்.

தீக்காயச் சிகிச்சையில் ஒரு விதி உண்டு. உடலில் பெரும்பகுதி வெந்தவருக்கு நீர்ச்சத்து வெகு வேகமாக வெளியேறும். முதல் 24 மணி நேரத்துக்கு வேண்டிய திரவத்தைக் கணக்கிட்டு, அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் இரத்த நாளம் வழியே ஏற்ற வேண்டும். அந்த 8 மணி நேரத்தை மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து எண்ணுவதில்லை. தீ பட்ட நிமிடத்திலிருந்து எண்ணுகிறார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு ஆன நேரம், வழியில் போன நேரம், வேறு மருத்துவமனைக்கு மாற்றிய நேரம் எல்லாம் அதில் கழிந்துவிடும். பயண நேரம் என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம் வேறெங்கும் கிடையாது.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். சிவகாசியிலிருந்து இது ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தீக்காயத்துக்கான முழு வசதியும், தோல் ஒட்டும் அறுவை நிபுணர்களும், இரவும் பகலும் பணியில் இருக்கும் செவிலியரும் இங்கே இருந்தால் அந்த 70 கிலோமீட்டர் 25 ஆகிவிடும். எந்த விமானமும் நமக்கு மிச்சப்படுத்தித் தராத நேரம் அது. இதற்காக மாவட்ட நிர்வாகத்திடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் பட்டாசு ஆலை உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே போய்க் கேட்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு ஆலையும் தன் வாசலிலிருந்து சிவகாசி அரசு மருத்துவமனைக்கும் விருதுநகருக்கும் மதுரைக்கும் பகலில் எத்தனை நிமிடம், இரவில் எத்தனை நிமிடம் என்று வண்டியை ஓட்டிப் பார்த்து அளந்து, தொழிலாளர்கள் படிக்கும்படி எழுதி மாட்டலாம். லாரி போகும் வழியை அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்திருக்கும் நமக்கு இது ஒரு வாரத்து வேலை. அடுத்த சீசனுக்கு மருந்து கலக்கத் தொடங்கும் முன் முடித்துவிடலாம்.